எங்கூட்டு இஞ்சின்

மருதாணி இல்ல கண்ணு. காந்திபுரத்துல ஏறுனதுல இருந்து நீ என்ற வெரலையே பாக்கறே, கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குது போல. கரி அது. இஞ்சின் கரி. நகத்துக்கு உள்ளார போயிருச்சு. சோப்புப் போட்டாலும் போகாது, எலுமிச்சம்பழம் தேச்சாலும் போகாது. சோறு பெசையறப்ப அதப் பாத்தாவே எனக்குக் கொமட்டிட்டு வரும்.

நீ கோபிக்கா போறே? அங்கயா வேல? நல்லதாப் போச்சு. நானும் கோபிக்குத்தான். என்ற தங்கச்சி ராஜாமணி அங்க இருக்கறா. அவ ஊடு எந்நேரமும் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கும். அங்க போயி சித்த நாளைக்கு மனுசியாட்ட இருக்கலாம்னு கெளம்பிட்டேன். ஊட்ல சொல்லிட்டு வந்தியான்னு கேக்காத. சொல்லல.

என்ற ஊட்டுக்காரரு பேரு சென்னியப்பன். பேரச் சொல்லக் கூடாதும்பாங்க, நானு சொல்லுவேன். இப்பச் சொல்லுவேன். மில்லுல டைம் ஆபீசுல இருந்தாரு. யாரு எப்ப உள்ள வந்தாங்க, யாரு எப்ப வெளிய போனாங்கன்னு பாக்கற வேல. கையில அழுக்குப் படாத வேல. ரிட்டயர் ஆகி ஊட்ல உக்காந்தாரு. ஒரே மக, கட்டிக் குடுத்து அவ திருப்பூர்ல இருக்கறா. நாங்க ரெண்டே பேரு.

ஊடு எத்தன அமைதியா இருந்துச்சு தெரியுமா கண்ணு? காத்தால காபி வெச்சா எடுத்துக் குடிப்பாரு. அப்பறம் பேப்பரு. மத்தியானம் சோறு. அவருக்கு முன்னால ரூம்புல ஒரு டிவி, எனக்கு உள்ள ஒரு டிவி. ஒரு சண்ட இல்ல, ஒரு சத்தம் இல்ல. 'உப்பு'ன்னு ஒரு வார்த்த, 'மாத்தர'ன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சு. சில நாளு அதுவும் இருக்காது. தரையில ஒரு பொட்டு அழுக்குப் பாக்க முடியாது. அப்பிடி நிம்மதியா இருந்த ஊடு.

பொடக்காலில, அதான் ஊட்டுக்குப் பின்னால, தகரக் கொட்டாய் ஒண்ணு இருக்குது. அதுல இவரு கல்யாணத்துக்கு முன்னால வாங்குன வண்டி ஒண்ணு கெடந்துச்சு. சின்ன வண்டிதான். பெட்ரோல்லயே ஆயிலக் கலந்து ஊத்தி ஓட்டற வண்டி. நின்னுபோயி எத்தனையோ வருசம் ஆச்சு. அதும் மேல சாக்கு, சாக்கு மேல வெறகு, வெறகு மேல பூன குட்டி போட்டுருக்கும். பழைய இரும்புக்காரனுக்குப் போடுங்கன்னு நானு சொல்லாத தீவாளி இல்ல. காதுலயே வாங்க மாட்டாரு.

அப்பத்தான் அந்த மோகன்ராஜு வந்தான். அடுத்த வீதிதான். பழைய வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் சேந்து ஒரு சங்கம் வெச்சிருக்கறாங்க, அதுக்கு அவன் தலைவரு. வெள்ளச்சட்ட, கூலிங் கிளாசு, கிட்ட வந்தாவே செண்டு வாசம். காம்பவுண்டு செவுரு சமாச்சாரமா வந்தவன் கொட்டாய்க்குள்ள எட்டிப் பாத்தான். பாத்துட்டு, அண்ணா இது எப்பேர்ப்பட்ட வண்டி தெரியுமா, இத இப்பிடிப் போட்டு வெச்சிருக்கறீங்களே, இஞ்சின மட்டும் எந்திரிக்க வெச்சுட்டீங்கன்னா நம்ம சங்கத்து ஊர்வலத்துல முன்னால விடறேன்னு சொல்லிப்போட்டான். சொல்லிட்டு, காபி குடிச்சுட்டு போயிட்டான். தொட்டுக்கூடப் பாக்கல, சட்டையில ஒட்டிக்கும்ல.

இவரு மூஞ்சியப் பாக்கோணுமே அன்னைக்கு. சாப்புடறாரு, சிரிக்கறாரு. டிவியப் போட்டுட்டுப் பாக்காம செவுத்தப் பாக்கறாரு.

கொண்டுபோயி ஒரு மெக்கானிக்குகிட்ட உட்டுருந்தாத் தொல்ல போயிருக்கும். மாட்டேன்னுட்டாரு. நானே கட்டறேன்னாரு. இஞ்சினப் பிரிச்சு மறுபடி கட்டறதாம். பீரோவத் தொறந்தா அவரோட சட்ட எங்க இருக்குதுன்னு தெரியாத ஆளு, போன்ல நாலு வீடியோவப் பாத்துட்டு இஞ்சினக் கட்டப் போறாராம்.

மழக்காலம் வேற. கொட்டாயி ஒழுகுதுன்னு சொல்லி, இஞ்சின வண்டில இருந்து கழட்டி, கட்டிக்கிட்டுத் தூக்கிட்டு வந்து, எங்க வெச்சாருங்கறே? சோறு திங்கற மேசையில. பேப்பர விரிச்சு அதும் மேல வெச்சுட்டாரு. சாமி ரூம்புக்கு நேரா. கத்துனேன் கண்ணு, அன்னைக்குக் கத்துன கத்து இன்னும் தொண்டையில இருக்குது. அதுலயிருந்து நாங்க தரையிலதான் உக்காந்து சாப்புட்டோம்.

உள்ளார என்ன இருந்துச்சுன்னு சொன்னா நீ மத்தியானம் சாப்புட மாட்டே. பொக போற வழியில கொளவி மண்ணுக்கூடு கட்டி வெச்சிருக்குது. சைலென்சருக்குள்ள பல்லி ஒண்ணு செத்துக் காஞ்சு கருவாடா இருக்குது. இஞ்சினுக்கு அடியில கருப்பா, கொழகொழன்னு, கெட்டுப்போன புளியாட்ட ஒரு சேறு. நாத்தம்னா நாத்தம், தலைய வலிக்கற நாத்தம். அத எதுல அள்ளுனாருங்கறே? என்ற சாம்பார்க் கரண்டில. சாமி சத்தியமா. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். கரண்டியக் குப்பையில எறிஞ்சேன். அவரு பொறுக்கீட்டு வந்து மறுபடியும் அள்ளறாரு.

எனக்கும் அந்தக் கருமத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமத்தான் இருந்துச்சு. அது எப்பிடி வந்துச்சுன்னா, பிஸ்டன் இருக்குதுல்ல, மேலயும் கீழயும் போகற உருள, அதுக்குக் குறுக்க ஒரு பின்னு போகும். பின்னு நழுவாம ரெண்டு பக்கமும் ஒரு கம்பி வளையம் போட்டுருக்கும். திருகாணியாட்ட இத்தினியூண்டு இருக்கும். அத நெம்பிக் கழட்டறேன்னு கழட்டுனாரு. தெறிச்சு எங்க உழுந்துச்சு? நானு அரிசி பொடைச்சுட்டு இருக்கேன், முறத்துல வந்து உழுந்துருச்சு. அவரு அந்த எண்ணெக் கையோட அரிசிக்குள்ள கைய உடறாரு. நானு கையத் தட்டி உட்டுட்டு, நானே தேடி எடுத்தேன். இன்னொரு பக்கத்து வளையத்தையும் அவரு தெறிக்க உட்டா மறுபடி அரிசி போயிரும்னு, அதையும் நானே ஒரு கொண்டை ஊசிய வெச்சுக் கழட்டிக் குடுத்தேன். அங்க புடிச்சுது சனி.

அவருக்குக் கண்ணுல பொர. ஆபரேசன் பண்ணிக்கங்கன்னா, இஞ்சின் முடியட்டும்ங்கறாரு. கையும் நடுங்குது. ஒரு திருகாணிய நேரா வெக்க முடியல, கீழ உழுகுது, உருண்டு பீரோவுக்கு அடியில போகுது, அதத் தேடறேன்னு அந்தக் கையோட செவுத்தப் புடிச்சு எந்திரிக்கறாரு. செவுரெல்லாம் கை. தொடைக்கறது ஆரு? நாந்தான? அதுக்கு நானே மாட்டிக் குடுத்துட்டாத் தீந்துதுன்னுதான் கையக் குடுத்தேன். பாவம்னெல்லாம் இல்ல.

கழுவறதும் அப்பிடித்தான். சாமான் கழுவறதுன்னா என்னன்னே அந்தாளுக்குத் தெரியாது. சீமெண்ணெயில முக்கி எடுத்துட்டுக் கழுவியாச்சுன்னுவாரு. சந்து பொந்தெல்லாம் சேறு அப்பிடியே இருக்கும். எனக்கு அத அப்பிடிப் பாத்துட்டு இருக்க முடியல. பழைய போசில சீமெண்ணெய ஊத்தி, பல்லு வெளக்கற பிரசு ஒண்ணப் போட்டு, ஒவ்வொண்ணாத் தேச்சுக் கழுவி, பழைய வேட்டித் துணியில தொடச்சு, சாமான் கூடையில வரிசையாக் கவுத்தி வெச்சேன். பிஸ்டன் தலையில இருக்கற கரிய மரக்கரண்டிக் காம்புலதான் சொரண்டோணும். இரும்புல சொரண்டுனாக் கீறல் உழுகும், அந்தக் கீறல்லதான் மறுபடி கரி புடிக்கும். அவருகிட்டச் சொன்னாப் புரியாது, ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வந்து நிப்பாரு. புடுங்கி வெச்சுட்டேன்.

இஞ்சினு ரெண்டு பாதியாத்தான் இருக்கும் கண்ணு, தேங்காய ஒடச்ச மாதிரி. ரெண்டையும் மூடறப்ப எண்ணெ கசியாம எடையில ஒரு பேப்பரு வெக்கோணும். அவரு வெட்டுன பேப்பரு ஒண்ணொண்ணும் கிழிஞ்சுது. நானு ஜாக்கெட் தெக்கறவ. பேப்பர அதும் மேல வெச்சு, வெரல்ல அமுக்கித் தேச்சு, அச்சு உழுந்ததும் என்ற கத்திரிக்கோல்ல வெட்டிக் குடுத்தேன். ஒரே வெட்டுல உக்காந்துச்சு. கத்திரிக்கோலு வீணாப் போச்சு, இப்பத் துணி வெட்டுனா எண்ணெத் திட்டு உழுகுது.

சிலிண்டரு உள்ளார தேஞ்சு போயிருந்துச்சு. லேத்துக்குக் கொண்டுபோயி உள்ளார கொடஞ்சு, அதுக்குத் தகுந்தாப்புல பெரிய பிஸ்டன் வாங்கிப் போட்டோம். நானும் கூடப் போனேன், இல்லாட்டி சிலிண்டர பஸ்ஸுல மறந்து வெச்சுட்டு வருவாரு. அந்தப் பட்டறையில உக்காரக் குடுத்த ஸ்டூலு இருக்குதே, அத நெனச்சா இப்பவும் கூசுது. சேல போயே போச்சு.

ஆனா அழுக்கக்கூடப் பொறுத்துக்கலாம் கண்ணு. அந்தாளு பேச ஆரம்பிச்சுட்டாரு. அதத்தான் பொறுக்க முடியல. தொணதொணன்னு. நானு சிலிண்டரப் புடிச்சுட்டு நிக்கோணும், அவரு பேசிட்டே திருகுவாரு. மில்லுல மெயிண்டனன்சு செக்சன்ல சேரோணும்னு ஆசையாம், அவங்கப்பன் சட்ட கசங்காத வேலதான் வேணும்னு டைம் ஆபீசுல உட்டுட்டாராம். மெசினுச் சத்தத்தக் கேட்டுட்டே வெளிய உக்காந்து கையெழுத்து வாங்கிட்டு இருந்தாராம். இதெல்லாம் எனக்கு எதுக்கு?

ஒரு நாளு இன்னொண்ணு சொன்னாரு. மக கைக்கொழந்தையா இருக்கறப்ப கொஞ்ச மாசம் மில்ல மூடிப்போட்டாங்களாம். எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு, தெனம் தூக்குப்போசில சோறு வாங்கிட்டுப் போயி பார்க்குல உக்காந்துட்டு சாயங்காலம் வருவாராம். நானு சொன்னேன், தெரியும்னு. அவரு திருகறத நிறுத்திட்டாரு. எப்பிடித் தெரியும்னாரு. போசியோட அடியில புல்லு ஒட்டிட்டு வருமே, மில்லுக்குள்ள ஏது புல்லுன்னு கேட்டேன். ஏன் கேக்கலேன்னாரு. நீங்க ஏன் சொல்லலேன்னேன். அதுக்கு அவரு சிரிக்கறாரு கண்ணு. கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறாரு. எனக்கும் சிரிப்பு வந்து, சிலிண்டரு கையில ஆடி, பிஸ்டன்ல மாட்டி வெச்ச வளையமெல்லாம் நழுவிப்போச்சு. முதல்ல இருந்து மாட்டுனோம். அத்தன வருசம் சொல்லாதத, கையில சிலிண்டரு வெச்சிருக்கறவகிட்ட எதுக்குச் சொல்லோணும்? ஒரு நேரங்காலம் வேண்டாமா?

ஒறம்பரைக்கு, சொந்தக்காரங்களுக்கு முன்னால என்ற மானம் போனதையும் கேளு. இஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் பேரிங்கு இருக்கும். அது இறுக்கமா உக்காரோணும். சுத்தியல்ல அடிச்சா இஞ்சினு வெடிச்சுரும். அதுக்கு என்ன பண்ணோணும்னா, பேரிங்க ஃபிரீசர்ல வெச்சுக் குளுர வெக்கோணும், இஞ்சின் பாதிய அடுப்புல வெச்சுச் சூடு பண்ணோணும். சூட்டுல அது விரியும், குளுர்ல இது சுருங்கும், வெச்சா அதுவா உள்ள எறங்கிரும். நானு தோசக்கல்ல அடுப்புல வெச்சு, அதும் மேல இஞ்சினக் கவுத்திப் போட்டு, தீயச் சின்னதா வெச்சிருக்கேன். என்ற தோசக்கல்லு. அப்பப் பாத்து திருப்பூருச் சம்மந்தியும் சம்மந்தியம்மாவும் சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறாங்க.

ஊடு முழுக்கச் சுட்ட எண்ணெ நாத்தம். மேசையில இரும்பு. சம்மந்தியம்மா மூக்க முந்தானையில மூடிட்டாங்க. என்ன சமைக்கறீங்கன்னு வேற கேக்கறாங்க. சம்மந்திக்கு நன்னாரி சர்பத்துக்கு ஐசு வேணும்னு அந்தம்மாவே போயி ஃபிரீசரத் தொறந்துட்டாங்க. உள்ளார கவருல கட்டுன பேரிங்கு ரெண்டும், பக்கத்துல துருவுன தேங்கா. மெதுவா மூடிட்டு வந்து உக்காந்தாங்க.

பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு எனக்கு. ஆனா ஒண்ணு, இஞ்சினு சூடு பதத்துக்கு வந்துருச்சு. தண்ணியத் தெளிச்சுப் பாத்தேன், துள்ளி ஓடுச்சு. ஆறிப்போனா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். மத்தியானச் சோத்துக்கு இருங்கன்னு ஒரு வார்த்த சொன்னேனாட்டம் இருக்குது, சொல்லலையாட்டமும் இருக்குது. மழ வர்ற மாதிரி இருக்குது, காலாகாலத்துல போனா நல்லதுன்னு சொன்னேன். அவங்க பஸ்ஸேறி இருப்பாங்களோ என்னவோ, நானு கிடுக்கிய எடுத்து இஞ்சினத் தூக்கி மேசைல வெச்சுட்டேன். அவரு ஃபிரீசர்ல இருந்து பேரிங்கக் கொண்டாந்தாரு. வெச்சேன். 'டொக்'குன்னு ஒரு சத்தம் கண்ணு. அடிக்கல, அமுக்கல, அதுவா எறங்கி, அதோட எடத்துல போயி உக்காந்துக்குது. அந்தச் சத்தம் இருக்குதே... சரி, அத உடு. மக போன் போட்டு அழுதா. மாமியா ஊட்ல என்ற மானம் போச்சுங்கறா. நியாயந்தான. இந்தாளாலதான் எல்லாம்.

பெட்ரோல் டேங்கக் கழுவி வெயில்ல வெச்சிருந்த அன்னைக்கு அவரு சொன்னாரு, இது ஓடுச்சுன்னா முதல்ல மருதமலைக்குத்தான் போகோணும்னு. ஆருகூடன்னு சொல்லல. நானும் கேக்கல. எனக்கு என்ன? அந்த வண்டில ஏறி உக்காந்து நாலு சனம் பாக்கப் போறதுக்கு எனக்கு என்ன பைத்தியமா? நீலக்கலருல பருத்திச் சேல ஒண்ணு இருக்குது, நழுவாது, காத்துல பறக்காது. அத அன்னைக்கு இஸ்திரி போட்டு வெச்சேன். சும்மா பொட்டில கசங்கிக் கெடந்துச்சேன்னுதான் போட்டேன். வேற ஒண்ணும் இல்ல.

நேத்துக் காத்தால ஸ்டார்ட் பண்ணிப் பாத்தோம். வாசல்ல வெச்சு உதைக்கறாரு, உதைக்கறாரு, கெளம்பல. முட்டி வலிக்குதுன்னு உக்காந்துட்டாரு. பெட்ரோல் எச்சாப் போயிருச்சு, குழாய மூடிட்டு ஒதைங்கன்னு சொன்னேன். மூடிட்டு ஒதைச்சாரு. ஒரு இருமல் இருமுச்சு. அப்பறம் புடிச்சுருச்சு.

வீதி முழுக்க வெள்ளப் பொக. பொகைக்குள்ள அவரு நிக்கறாரு, வாயத் தொறந்துட்டு என்னையப் பாக்கறாரு. நானும் பாக்கறேன். என்ற ஒடம்பெல்லாம் அந்தச் சத்தத்துல ஆடுது. நானு சேல மாத்திட்டு வரலாம்னு உள்ள போனேன். மாத்தறதுன்னா, கட்டியிருந்ததுல எண்ணெ, அதுக்காக.

மாத்திட்டு வந்து பாத்தா மோகன்ராஜு நிக்கறான். சத்தங் கேட்டு வந்தானாம், கூட சங்கத்துக்காரங்க நாலஞ்சு பேரு, எல்லாம் வெள்ளச்சட்ட. போன வெச்சுப் படம் புடிக்கறாங்க. மோகன்ராஜு ஹேண்டிலப் புடிச்சுட்டு, அண்ணா பின்னால ஏறுங்க, மருதமலை வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வந்தரலாம்ங்கறான். இவரு ஏறி உக்காந்துட்டாரு. என்னையத் திரும்பிப் பாத்தாரு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். பாத்துட்டு, வந்தர்றேன்னு கையக் காட்டுனாரு. போயிட்டாங்க.

அதுகூடப் பரவால்ல. போயிட்டு வந்தாங்க. நானு எல்லாத்துக்கும் காபி போட்டு எடுத்துட்டு வாசலுக்கு வர்றேன். அந்தக் கூட்டத்துல ஒருத்தரு கேக்கறாரு, ஏனுங்க, இந்த இஞ்சின எந்த ஒர்க்‌ஷாப்புல கட்டுனீங்க, ஆரு கட்டுனாங்கன்னு. இவரு சொல்றாரு:

"ஒர்க்‌ஷாப்பெல்லாம் இல்லீங்க. ஊட்லயே. நானு ஒருத்தனாத்தான்."

தட்டு என்ற கையில இருக்குது. நானு பக்கத்துல நிக்கறேன். இந்தக் கையி, இந்த நகம். எல்லாரும் கை தட்டறாங்க. மோகன்ராஜு அவரோட தோள்ல கையப் போட்டுக்கறான். நானு காபியக் குடுத்தேன். சக்கர போதுமான்னு கேட்டேன். டம்ளரெல்லாம் எடுத்துட்டு வந்து கழுவி வெச்சேன்.

அதுக்கெல்லாம் நானு வருத்தப்படறவ இல்ல கண்ணு. என்ற பேரச் சொல்லோணும்னு நானு கேட்டனா? எனக்கு அந்த மேசையில புடிச்ச கறை போக மாட்டீங்குது, அதான் ஆத்தாமை. சத்தியமா அதுதான். அந்தக் கறையப் பாக்கப் பாக்க எனக்குத் தாங்கல. அதான் தங்கச்சி ஊட்டுக்குக் கெளம்பிட்டேன்.

இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஊர்வலம் காத்தாலயே. அவரு குளிக்கப் போனாரு. நானு பொடக்காலிக்குப் போயி, கார்புரேட்டரு மேல் மூடியத் திருகி எடுத்தேன். அதுக்குள்ள ஒரு ஊசி இருக்கும் கண்ணு, பித்தளையில, நம்ம கோணூசிய விடச் சின்னதா. பெட்ரோல் எத்தன போகோணும்னு அளக்கறதே அந்த ஊசிதான். அது இல்லாட்டிப் பெட்ரோலு கட்டுமட்டில்லாமக் கொட்டும், பிளக்கு நனைஞ்சுரும், நாள் முழுக்க உதைச்சாலும் கெளம்பாது. வேற வாங்கலாம்னா கெடைக்காது. அந்த ஒரு ஊசிக்கு உக்கடத்துல பழைய சாமான் கடை கடையா ஏறி எறங்குனோம். அத எடுத்து, மூடிய மூடிட்டு, கையக் கழுவிட்டு, பையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். இதோ, பொட்டு டப்பாவுக்குள்ள இருக்குது பாரு. நல்லாத் தொடச்சுத்தான் வெச்சிருக்கேன்.

அவருதான் கூப்புடறாரு. அப்பப் புடிச்சு போனு அடிச்சுட்டேதான் இருக்குது. அடிக்கட்டும். எடுக்கட்டுமாங்கறே? நீ சொல்றேன்னு எடுக்கறேன்.

அல்லோ. ஆமா, நாந்தான். பஸ்ஸுல. எங்கயோ போறேன். ஊர்வலம் கெளம்பற எடம் வரைக்கும் வண்டியத் தள்ளிட்டா போனீங்க? பிளக்கு நனையாம என்ன பண்ணும்? ஊசி எங்கிட்ட இருக்குது. ஆமாங்க, நாந்தான் கழட்டுனேன். ஏன்னு உங்களுக்குத் தெரியலயா? தெரியாட்டி உடுங்க. ஆரு அது பக்கத்துல பேசறது? அந்த மோகன்ராஜா? போன்ல பேசறது மெக்கானிக்கான்னு கேக்கறானா? நீங்க என்ன சொல்றீங்க அவனுக்கு? என்ன? கேக்கலீங்க. பஸ்ஸு எரையுது, ஒண்ணுங் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க. இன்னுங் கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க. ம். ம். சரி, வெய்யுங்க.

உனக்கே கேட்டுருக்குமே கண்ணு. அந்தக் கத்து கத்தறாரு. 'என்ற சம்சாரம் வசந்தாமணிதான் இந்த இஞ்சினக் கட்டுனா, நானு பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்'னு. ஊர்வலம் கெளம்பற எடத்துல, அத்தன வெள்ளச்சட்டைக்கும் முன்னால, நடுரோட்டுல நின்னுட்டு. மானங்கெட்ட மனுசன். ஊட்டுச் சமாச்சாரத்த இப்பிடியா ஏலம் போடுவாங்க? சீ. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது.

கண்ணத் தொடைக்கறேன்னு பாக்காத, ஜன்னல்ல தூசி வருது.

ஊர்வலம் போனாப் போகட்டும், நானு கோபிக்கு வர்றேங்கறாரு. நானு கோபிக்குன்னு சொல்லவே இல்ல, வேற எங்க போகப் போறான்னு நெனச்சிருப்பாரு. வண்டியத் தள்ளிட்டுப் போயி ஊட்ல நிறுத்திட்டு அடுத்த பஸ்ஸப் புடிக்கறாராம். தங்கச்சி ஊட்டுக்கு அந்தாளு தனியா வந்ததே இல்ல கண்ணு. எந்தப் பக்கம் எறங்கறதுன்னு தெரியாது, கண்ணுல பொர வேற, போர்டு படிக்க முடியாது. வர்ற வரைக்கும் நானு பஸ் ஸ்டாண்டுலயேதான் உக்காந்திருக்கோணும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சு எந்த லட்சணத்துல இருக்கும்னு உனக்குத் தெரியாததா? பாக்கு எச்சிலும், வாழப்பழத் தோலும், ஈயும். நெனச்சாவே கொமட்டுது.

நீ எறங்குனதும் போ கண்ணு. எனக்காக நிக்காத. பேப்பரு ஏதாச்சும் வெச்சிருந்தா மட்டும் குடுத்துட்டுப் போ, பெஞ்சுல ரெண்டு பேரு உக்கார்ற அளவுக்கு விரிச்சு வெக்கறேன்.